பழம் ஒரு மரம், வேர் வேறு மரம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையும் அதைத் தொடர்ந்த கேள்வி பதில்களும் வாசகர்களுக்காக இங்கே தொகுத்துத் தரப்படுகின்றன.)



இன்றைய உரையை ஒரு பட்டுப்போன மரத்திலிருந்து தொடங்குகிறேன். எங்கள் வீட்டின் பின்புறம் ஒரு கொய்யா மரம் நின்றது. மூன்று ஆண்டுகள் செழிப்பாக வளர்ந்து பழமும் கொடுத்தது. நான்காம் ஆண்டில் இலைகள் மஞ்சளாயின. சத்து போதவில்லை என்று நினைத்து உரம் போட்டேன். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து காலையும் மாலையும் ஊற்றினேன். இலையில் பூச்சி இல்லை. தண்டில் துளை இல்லை. ஆனாலும் மரம் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, வெறும் விறகாகிவிட்டது.

அதைத் தோண்டி எடுத்த நாளில்தான் காரணம் தெரிந்தது. வேர் முழுவதும் முடிச்சு முடிச்சாக, இஞ்சிக் கிழங்கைப் போல வீங்கிக் கிடந்தது. நான் இலையைப் பார்த்து வைத்தியம் செய்துகொண்டிருந்தேன். நோயோ மண்ணுக்குள் இருந்தது.

அந்த வேரைத் தின்றது நூற்புழு. அதைப் பற்றியும், அதை எதிர்த்து நிற்கும் வேர்களை அறிவியலாளர்கள் எப்படி உருவாக்குகிறார்கள் என்பது பற்றியும்தான் இன்று பேசப்போகிறேன்.

பால்மரம் சொல்லிக்கொடுத்த பாடம்

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் செய்தியின் பாதி ஏற்கெனவே தெரியும். பால்மரக் கன்றுகளை நம்மவர்கள் எப்படித் தயார் செய்தார்கள்? முதலில் விதை போட்டு நாற்று வளர்ப்பார்கள். அந்த நாற்றின் பட்டையைக் கத்தியால் கீறித் திறந்து, அதிகப் பால் தரும் நல்ல ரக மரத்தின் மொட்டை உள்ளே வைத்துக் கட்டுவார்கள். மொட்டு பிடித்ததும் நாற்றின் மேல்பகுதியை வெட்டிவிடுவார்கள். பிறகு வளர்வது ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒரு ரகம். ஆனால் மண்ணுக்குள் இருக்கும் வேர் அந்த ரகம் அன்று. அது விதையிலிருந்து வந்த வேறொரு செடி.

ஆப்பிள், ஆரஞ்சு, பீச், பிளம்ஸ் என்று நாம் பேரங்காடியில் வாங்கும் பெரும்பாலான பழங்களும் இப்படித்தான் விளைகின்றன. மேலே இருப்பது பழம் தரும் ரகம். கீழே இருப்பது வேர்ச்செடி. இரண்டும் ஒட்டி ஒரே மரமாக வாழ்கின்றன.

இதில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. பழத்தின் சுவைக்காக ஒரு மரத்தையும், வேரின் வலிமைக்காக வேறொரு மரத்தையும் தனித்தனியே தேர்ந்தெடுக்கலாம். வேர்ச்செடியின் பழம் கசந்தால் என்ன, புளித்தால் என்ன? அதை யாரும் சாப்பிடப்போவதில்லை. மண்ணில் இருக்கும் எதிரியிடம் அது தோற்காமல் இருந்தால் போதும்.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி

எதிரி யார் என்று பார்ப்போம். வேர்முடிச்சு நூற்புழுவின் குஞ்சு அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நீளம் கொண்டது. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. மண்ணில் உள்ள ஈரத்தில் நெளிந்து வந்து, வேரின் நுனியருகே உள்ளே நுழைகிறது. நுழைந்ததும் வேரின் சில உயிரணுக்களைத் தன் உமிழ்நீரால் மயக்கிவிடுகிறது. அந்த உயிரணுக்கள் இயல்புக்கு மீறிப் பெருத்து, புழுவுக்குச் சோறு போடும் அடுப்படியாக மாறிவிடுகின்றன. சுற்றியுள்ள வேர்ப்பகுதியும் வீங்குகிறது. அதுதான் நாம் காணும் முடிச்சு.

பெண் புழு அதன் பிறகு நகர்வதே இல்லை. இருந்த இடத்திலேயே தின்று, பேரிக்காய் வடிவில் பருத்து, நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. வெப்பமான மண்ணில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடுகிறது. குளிர்காலமே இல்லாத நம் நாட்டைப் போன்ற இடங்களில் அதற்கு ஆண்டு முழுவதும் கொண்டாட்டம்தான்.

நெல்லோ கத்தரியோ என்றால் அடுத்த பருவத்தில் பயிரை மாற்றிவிடலாம். மரத்தை என்ன செய்வது? ஒருமுறை நட்டால் 20 ஆண்டுகள் அதே இடத்தில் நின்றாக வேண்டும். ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. அதனால்தான் பழமரத் தோட்டக்காரர்களுக்கு இது வாழ்வா சாவா என்ற கேள்வியாகிறது.

மருந்தே நஞ்சான கதை

"மருந்தடித்துக் கொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும். அதைத்தான் உலகம் பல ஆண்டுகள் செய்தது. விலை என்ன தெரியுமா?

டி.பி.சி.பி. என்று ஒரு மண் மருந்து இருந்தது. உயிரோடு இருக்கும் மரத்தின் அடியிலேயே அதைச் செலுத்தலாம், மரம் சாகாது, புழு சாகும் என்பதால் விவசாயிகள் விரும்பி வாங்கினார்கள். 1977-ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியாவில் அந்த மருந்தைத் தயாரித்த ஓர் ஆலையின் தொழிலாளர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது ஓர் உண்மை வெளிப்பட்டது. அவர்களில் பலருக்குக் குழந்தை பிறக்கவில்லை. பரிசோதித்துப் பார்த்ததில், மருந்து அவர்களின் விந்தணுக்களை அழித்திருந்தது தெரியவந்தது. 1979-ல் அமெரிக்கா அதன் பெரும்பாலான பயன்பாடுகளை நிறுத்தியது. ஆனால் அதற்குள் அது மண்ணைக் கடந்து கலிபோர்னியாவின் கிணற்றுத் தண்ணீருக்குள்ளும் இறங்கிவிட்டிருந்தது. மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களில் வேலை செய்த தொழிலாளர்களும் இதே கொடுமைக்கு ஆளானார்கள்.

இன்னொரு மருந்து மெத்தில் புரோமைடு. நடவுக்கு முன் மண்ணுக்குள் செலுத்தும் புகைமருந்து இது. வானில் இருக்கும் ஓசோன் படலத்தை அரிப்பதால், மொண்ட்ரியல் உடன்பாட்டின்படி வளர்ந்த நாடுகள் 2005-க்குள் சில விலக்குகள் நீங்கலாக அதைக் கைவிட வேண்டியதாயிற்று.

தோட்ட வேலை என்றால் என்ன, மருந்தடிக்கும் வேலை யார் கைக்கு வரும் என்பதெல்லாம் நம் சமுதாயத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மண்ணுக்குள் ஊற்றும் நஞ்சு முதலில் தொடுவது அதை ஊற்றும் கையைத்தான். ஆகவே வேரிலேயே பாதுகாப்பு இருந்தால், அது மரத்துக்கு மட்டும் கிடைக்கும் பாதுகாப்பு அன்று.

ஆப்பிள் காட்டிய வழி

வேரை மாற்றிப் பூச்சியை வெல்லலாம் என்ற எண்ணம் புதியதல்ல. ஆப்பிள் மரத்தைத் தாக்கும் கம்பளி அசுவினி என்ற பூச்சி வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் கிளைகளில் அப்பிக்கொள்ளும். மண்ணுக்குள் இறங்கி வேரிலும் குடியிருந்து, அங்கேயும் கழலை கழலையாக வீங்கச் செய்யும். கிளையில் இருப்பதை மருந்தடித்து விரட்டினாலும், வேரில் இருப்பது மறுபடி ஏறி வந்துவிடும்.

நியூயார்க் மாநிலத்தில் தோன்றிய நார்தர்ன் ஸ்பை என்ற ஆப்பிள் ரகத்தை இந்தப் பூச்சி அண்டவில்லை என்பதைப் 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்துவிட்டார்கள். ஆஸ்திரேலியத் தோட்டக்காரர்கள் அதையே வேர்ச்செடியாக்கிப் பிழைத்தார்கள். பிறகு இங்கிலாந்தில் மெர்டனில் இருந்த ஜான் இன்னஸ் நிறுவனமும் கெண்ட் வட்டாரத்தின் கிழக்கு மாலிங் ஆய்வு நிலையமும் கைகோத்து, நார்தர்ன் ஸ்பையை மற்ற வேர்ச்செடிகளோடு கலந்து புதிய வரிசை ஒன்றை உருவாக்கின. எம்.எம். 106, எம்.எம். 111 என்ற பெயர்கள் ஆப்பிள் பயிரிடும் நாடுகளில் இன்றும் பழக்கமானவை.

ஆனால் இங்கேயும் ஒரு பாடம் உண்டு. எம்.எம். 106 அசுவினியை வென்றது. ஈரம் தேங்கும் மண்ணில் அடித்தண்டு அழுகல் நோயிடம் தோற்றது. ஒரு கதவைப் பூட்டினால் எதிரி அடுத்த கதவைத் தட்டுகிறான்.

பீச் மரத்தின் இரண்டு எதிரிகள்

இந்தப் போராட்டத்தை மிகத் தெளிவாகக் காட்டுவது பீச் மரம். 1959-ல் அமெரிக்க வேளாண் துறை நெமாகார்டு என்ற வேர்ச்செடியை வெளியிட்டது. சீனாவைப் பூர்வீகமாகக் கொண்ட காட்டுப் பீச் இனத்தின் கலப்பு இதில் இருப்பதாகக் கருதப்படுகிறது. வேர்முடிச்சு நூற்புழுவின் முக்கியமான இரண்டு இனங்கள் இதன் வேரில் பெருக முடியவில்லை. கலிபோர்னியாவின் பீச், பாதாம் தோட்டங்கள் பெரும்பாலும் இதன் மேல்தான் எழுந்து நின்றன.

வேர் எப்படி எதிர்க்கிறது? புழு நுழைவதை அது தடுப்பதில்லை. புழு நுழைந்து உயிரணுவைத் தொட்டதும், அதைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் தாமாகவே மடிந்துவிடுகின்றன. அடுப்படி கட்டுவதற்கு முன்பே அடுப்பு இடிக்கப்படுகிறது. உணவில்லாமல் புழு பட்டினியால் சாகிறது. சில உயிரணுக்களை இழந்து மரம் பிழைத்துக்கொள்கிறது.

ஆனால் இதே நெமாகார்டு அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களான ஜார்ஜியாவிலும் தென் கரோலினாவிலும் கைகொடுக்கவில்லை. அங்கே வேறொரு புழு, வளைய நூற்புழு, மண்ணில் நிறைந்திருந்தது. அது வேருக்குள் நுழையாமல் வெளியிலிருந்தே உறிஞ்சும். இலையுதிர் காலத்தில் நன்றாக நின்ற மரம், குளிர்காலம் முடிந்து பூக்கும் நேரத்தில் திடீரென்று கருகிச் சாயும். நட்டு மூன்று முதல் ஆறு ஆண்டுகளில், அதாவது செலவழித்த பணம் திரும்பத் தொடங்கும் நேரத்தில், தோட்டம் காலியாகும். வேதனை என்னவென்றால், மேல்மரம் செத்த பிறகும் கீழே வேர் உயிரோடுதான் இருக்கும். புழு உறிஞ்சியதால் தளர்ந்த மரம் குளிருக்கும் பாக்டீரியா நோய்க்கும் இரையாகிறது.

பழைய லவெல் வேர்ச்செடியை நட்டால் வளையப் புழுவின் நடுவே ஓரளவு தாக்குப்பிடிக்கும், ஆனால் வேர்முடிச்சுப் புழுவிடம் மாட்டிக்கொள்ளும். நெமாகார்டை நட்டால் இதற்கு நேர்மாறு. விவசாயி எதைத் தேர்ந்தெடுப்பது?

ஜார்ஜியாவின் பைரன் நகரிலுள்ள அமெரிக்க வேளாண் துறை ஆய்வு நிலையமும் தென் கரோலினாவின் கிளெம்சன் பல்கலைக்கழகமும் இதற்கு எளிமையான, ஆனால் பொறுமை தேவைப்படும் ஒரு வழியைக் கையாண்டன. மரங்கள் செத்துக்கொண்டிருந்த அதே வகை நிலத்தில் பலவகை வேர்ச்செடிகளை நட்டு, எவை சாகின்றன, எவை நிற்கின்றன என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். மற்றவை சாய்ந்தபோதும் ஒரு வகை நின்றது. 1993-ல் அது கார்டியன் என்ற பெயரில் வெளிவந்தது. இதிலும் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். கார்டியனின் வேரில் வளையப் புழு பெருகத்தான் செய்கிறது. ஆனாலும் மரம் சாவதில்லை. எதிரியை வெளியேற்றுவது எதிர்ப்புத்திறன். எதிரியோடு வாழ்ந்தும் தளராமல் இருப்பது தாங்குதிறன். இரண்டுமே விவசாயிக்கு வேண்டும்.

கார்டியனுக்கும் ஒரு குறை உண்டு. அர்மில்லேரியா என்ற வேரழுகல் பூஞ்சையிடம் அது தோற்கிறது. அதற்காகப் பிளம்ஸ் இனத்தையும் பீச்சையும் கலந்து உருவாக்கிய எம்.பி. 29 என்ற வேர்ச்செடி 2011-ல் வெளியானது.

ஏன் இத்தனை ஆண்டுகள்?

எதிர்ப்புத்திறன் உள்ள ஒரு காட்டுச்செடியைக் கண்டுபிடிப்பது தொடக்கம் மட்டுமே. அதை நல்ல ரகத்தோடு கலந்து ஆயிரக்கணக்கான நாற்றுகளை வளர்க்க வேண்டும். ஒவ்வொரு நாற்றின் தொட்டியிலும் புழுவின் முட்டைகளைப் போட்டுச் சில மாதம் கழித்து வேரைக் கழுவி முடிச்சுகளை எண்ண வேண்டும். தேறியவை எளிதில் வேர்விட்டுப் பெருகுமா, மேலே ஒட்டும் ரகத்தோடு பொருந்துமா, சுண்ணாம்பு மண்ணிலும் ஈர மண்ணிலும் நிற்குமா, நிறையக் காய்க்குமா என்று ஒவ்வொன்றையும் தோட்டத்தில் நட்டுப் பார்க்க வேண்டும். மரம் காய்க்கவே சில ஆண்டுகள் ஆகுமே!

சுவிங்கிள் என்ற புகழ்பெற்ற ஆரஞ்சு வேர்ச்செடிக்கான கலப்பு 1907-ல் புளோரிடாவில் செய்யப்பட்டது. ஆரஞ்சு நூற்புழுவை எதிர்க்கும் அந்த வேர்ச்செடி விவசாயிகளுக்காக அதிகாரப்பூர்வமாக வெளியிடப்பட்டது 1974-ல். இடையில் 67 ஆண்டுகள்! கலப்பு செய்தவர் வால்டர் சுவிங்கிள் 1952-லேயே காலமாகிவிட்டார். பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்று நம் கிராமத்தில் சொல்வார்கள். இவர் பார்க்காமலே போனார்.

இப்போது காலம் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. காட்டுப் பிளம்ஸ் ஒன்றிலிருந்து எம்.ஏ. என்ற எதிர்ப்பு மரபணுவைப் பிரெஞ்சு அறிவியலாளர்கள் 2011-ல் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். சோதித்துப் பார்த்த வேர்முடிச்சு நூற்புழு இனங்கள் அனைத்தையும் அது எதிர்த்தது. இப்படி மரபணு தெரிந்துவிட்டால், நாற்றின் ஓர் இலைத் துண்டைச் சோதித்தே அது இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். தொட்டி தொட்டியாகப் புழு போட்டுக் காத்திருக்கும் வேலை பெரிதும் குறைகிறது.

எதிரியும் கற்றுக்கொள்கிறான்

ஒன்றை மறக்கக் கூடாது. வெற்றி நிரந்தரம் அன்று. நெமாகார்டின் எதிர்ப்பை உடைக்கும் வேர்முடிச்சுப் புழு ஒன்று 1960-களிலேயே புளோரிடாவில் காணப்பட்டது. 2004-ல் அது தனி இனமாகப் பெயர் பெற்றது. அதை எதிர்க்கப் புளோரிடா பல்கலைக்கழகம் 1991-ல் புளோர்டாகார்டு என்ற வேர்ச்செடியைக் கொடுத்தது. அதே புழு 2018-ல், நெமாகார்டின் கோட்டையான கலிபோர்னியாவின் பாதாம் தோட்டத்திலும் கண்டுபிடிக்கப்பட்டது.

நாடு முழுவதும் ஒரே வேரை நம்பி நிற்பது, எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி செய்வதைப் போன்றது. ஒரு திருடனிடம் அந்தச் சாவி கிடைத்தால் போதும்.

நம் கொய்யாவுக்கு வருவோம்

பீச்சும் ஆப்பிளும் நம் மண்ணின் பழங்கள் அல்ல. கொய்யா நம் வீட்டுப் பழம். 1983-ல் சீனாவின் ஹைனான் தீவிலிருந்து விவரிக்கப்பட்ட ஒரு வேர்முடிச்சு நூற்புழு, இன்று வெப்பமண்டலக் கொய்யாவின் பெரும் எதிரியாகிவிட்டது. 2001-ல் பிரேசில் நாட்டின் வடகிழக்கில் அது இருப்பது தெரியவந்தது. வேரழுகல் பூஞ்சையும் சேர்ந்துகொள்ள, பெரும் கொய்யாத் தோட்டங்கள் அழிந்தன. கொய்யாவை நம்பியிருந்த குடும்பங்கள் வேறு பயிருக்கு மாற நேர்ந்தது. 2016-ல் இதே புழு தமிழ்நாட்டுக் கொய்யாவிலும் அறிவிக்கப்பட்டது.

பிரேசிலின் அரசு வேளாண் ஆய்வு நிறுவனமான எம்பிராப்பா, கொய்யாவையும் அதன் காட்டு உறவான அரசா என்ற செடியையும் கலந்து, இந்தப் புழுவை எதிர்க்கும் வேர்ச்செடி ஒன்றை உருவாக்கியது. அரசாவின் பழம் சிறியது, புளிப்பானது. சந்தையில் கொய்யாவோடு போட்டி போட முடியாது. ஆனால் கொய்யாவைக் காப்பாற்றும் வேர் அதனிடம்தான் இருந்தது.

காட்டில் பயனில்லாமல் நிற்பதாக நாம் நினைக்கும் ஒரு மரத்திடம் நாளைய தோட்டத்தின் உயிர் இருக்கலாம். அந்தக் காட்டை அழித்துவிட்டால் அப்புறம் எங்கே போய்த் தேடுவது?

நேயர்களின் கேள்விகள்

கேள்வி: காட்டு வேரில் ஒட்டினால் பழத்தின் சுவை கெட்டுவிடாதா?

பதில்: கொய்யா கொய்யாவாகவே காய்க்கும், பீச் பீச்சாகவே காய்க்கும். வேரின் மரபு பழத்துக்குள் போவதில்லை. ஆனால் மரத்தின் உயரம், காய்க்கும் அளவு, பழத்தின் பருமன் ஆகியவற்றில் வேரின் பங்கு உண்டு. அதனால்தான் எதிர்ப்புத்திறனோடு விளைச்சலையும் சேர்த்துச் சோதிக்கிறார்கள்.

கேள்வி: இவையெல்லாம் மரபணு மாற்றப்பட்ட மரங்களா?

பதில்: நான் இங்கே பெயர் சொன்ன வேர்ச்செடிகள் எல்லாம் மகரந்தக் கலப்பினாலும் தேர்வினாலும் வந்தவை. இலைத் துண்டைச் சோதிப்பது மரபணுவைப் படித்துப் பார்ப்பதுதான், மாற்றுவது அன்று.

கேள்வி: என் வீட்டு மரத்தின் வேரில் முடிச்சு இருக்கிறது. அதன் மேல் வேறு நல்ல ரகத்தை ஒட்டினால் சரியாகிவிடுமா?

பதில்: சரியாகாது. தாக்கப்பட்டது வேர். மேலே எதை ஒட்டினாலும் கீழே அதே வேர்தான் இருக்கும். எதிர்ப்புத்திறன் உள்ள வேர் நடும்போதே இருக்க வேண்டும். ஆகவே கன்று வாங்கும்போது பையை மெல்லத் தளர்த்தி வேரைப் பாருங்கள். முடிச்சு தெரிந்தால் வாங்காதீர்கள். பட்டுப்போன மரத்தின் குழியில் உடனே அதே வகை மரத்தை நடாதீர்கள். அந்த மண்ணை அள்ளி வேறு இடத்தில் கொட்டாதீர்கள், மண்வெட்டியையும் கழுவி வையுங்கள். நூற்புழு தானாக நடந்து போகும் தூரம் மிகக் குறைவு. ஊர்விட்டு ஊர் அதைக் கொண்டுபோவது நாம்தான்.

என் கொய்யா மரம் பட்டுப்போனதற்கும் அதுவே காரணம். முடிச்சு அந்தக் கன்றின் பையிலேயே வந்திருக்க வேண்டும். நான் இலையின் பசுமையைப் பார்த்து வாங்கினேன், வேரைப் பார்க்கவில்லை. நீங்கள் பார்த்து வாங்குங்கள்.